கரி வேஷம்

ஃப்ளோரா வாசற்கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள். அதுவும் போதாதென்று அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். மாதா திருவிழா மேளம் தெருவைக் கலக்கிக்கொண்டிருக்கும் மாலை வேளையில் ஒரு குடும்பப் பெண் இப்படிக் கதவடைத்தால், உள்ளே கப்பலில் வந்த திருட்டுக் கைக்கடிகாரமாவது இருக்க வேண்டும். ராயபுரத்தில் அது பெரிய விஷயமில்லை. அந்த வரிசையிலேயே நாலு வீட்டில் இருந்தது. ஃப்ளோரா வீட்டில் இருந்ததோ அதைவிட ஆபத்தான சரக்கு. வியாசர்பாடிச் சேரியிலிருந்து வந்த வேதமாணிக்கம், அவள் சமையற்கட்டில், அடுப்புக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்தான்.

அடுப்புக்கரியை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்திருந்தாள். அதை வழித்து அவன் நெற்றியில் வைத்தாள்.

"அசையாத."

"நான் எங்கம்மா அசையறேன். உங்க கைதான் ஒதறுது," என்றான் அவன்.

அவனை எப்படிக் கூப்பிடுவது என்று ஃப்ளோராவுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக அவன் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். வீட்டுக்கு என்றால் வீட்டுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக்கு அந்தப் பக்கம் வரை. அங்கே நின்று "தாமஸு" என்று குரல் கொடுப்பான். தண்ணீர் கேட்டால் அவள் உயரத் தூக்கி ஊற்றுவாள், அவன் கையேந்திக் குடிப்பான். அவனுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடவோ, முறை வைத்துக் கூப்பிடவோ ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

மூலையில் அவள் புருஷன் தாமஸ் கண்ணாடியைப் பார்த்து முகத்தில் முத்துவெள்ளை அப்பிக்கொண்டிருந்தான்.

"இன்னா தோஸ்து, தொர மாதிரி கீறனா?"

"பொங்கலுக்கு அடிச்ச செவுரு மாதிரி கீற," என்றான் வேதமாணிக்கம்.

உண்மையில் அந்த இருவரில் வெளுத்தவன் வேதமாணிக்கம்தான். தாமஸ் தார் டின்னுக்குப் பக்கத்தில் நின்றால் டின்தான் வெளுப்பாகத் தெரியும். ஆனால் நாடகத்தில் வெள்ளைக்காரன் தாமஸ், கறுப்பன் மற்றவன். அது தோலைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை. தெருவைப் பார்த்துப் போட்ட கணக்கு.

விஷயம் இதுதான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் நூறு வருஷத்துக்கு முன் எழுதிய தடித்த நாவல் ஒன்றைக் கோயில் பள்ளிக்கூட வாத்தியார் நாடகமாக்கியிருந்தார். கப்பல் உடைகிறது. வெள்ளைக்கார மாலுமி ஒருவனும், விலங்கு பூட்டிய கறுப்பு அடிமை ஒருவனும் ஒரே தெப்பத்தில் ஒதுங்குகிறார்கள். அடிமை தள்ளி உட்கார்ந்தே சாப்பிட்டுப் பழகியவன். கடைசிக் காட்சியில் மாலுமி அவனைத் தன் தட்டில் கைவைக்கச் சொல்கிறான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். ஒத்திகை பார்க்க வந்த பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் அந்த இடத்தில் முந்தானையைப் பிழிந்து உலர்த்தும்படி அழுதாள். தெருவே அழுதது. "மனுசனுக்கு மனுசன் இன்னாடா வித்தியாசம்," என்று சுருட்டை அணைத்துவிட்டுக் கேட்டவர் இக்னேஷியஸ் மேஸ்திரி. துறைமுகத்தில் தாமஸ் வேலைசெய்யும் கோஷ்டிக்கு மேஸ்திரி அவர். தெருவுக்குப் பெரியவரும் அவர். அந்த வரிசையிலிருந்த கோயில் வீடுகளில் யார் குடியிருக்கலாம் என்று சொல்பவரும் அவர். நாடகத்தை நடத்துபவரும் அவரேதான்.

அடிமை வேஷம் போட இருந்தவன் அதே தெரு ஞானம். நாடகத்துக்கு முதல் நாள் காலையில் அவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து தாடை பலாப்பழமாகிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. மேஸ்திரி தாமஸைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஹார்பர் ஆபீசருங்க வர்றாங்க. என் மானத்த வாங்காத. வசனம் தெரிஞ்சவன் எவனா இருந்தாலும் இட்டா. மூஞ்சில கரியப் பூசுனா எவன் என்னான்னு யாருக்குத் தெரியும்?"

'எவனாக இருந்தாலும்' என்று மேஸ்திரி சொன்னது, பெரிய மனிதர்கள் 'வீட்டுக்கு வாங்களேன்' என்று சொல்வதைப் போன்றது. தாமஸ் அதை மெய்யாக எடுத்துக்கொண்டான். வசனம் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். ஒரு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில், கப்பலின் மேல்தளத்தில், தாமஸின் வசனத்துக்கு எதிர்வசனம் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தவன், அதே கோஷ்டியில் வேலைசெய்த வேதமாணிக்கம்.

"மாட்டிக்கினா வூட்ட காலி பண்ணுவாங்க. தெருவுல தள்ளி வெப்பாங்க," என்று ஃப்ளோரா முந்தின நாள் முழுக்க சொல்லிப் பார்த்தாள். போன வருஷம் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்ததை அவள் பார்த்திருந்தாள். குழாயில் தண்ணீர் பிடிக்கவிடவில்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது ரிக்‌ஷாக்காரன்கூட அந்த வாசலில் நிற்கவில்லை. "அவங்க நம்மளத்தான் தள்ளி வெப்பாங்க. அந்த ஆள இன்னா பண்ணுவாங்க தெரியுமா? உயிரோட அனுப்ப மாட்டாங்க."

இப்போது கழுத்துக்குக் கரி பூசிக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தொண்டை கட்டக்கூடாதென்று இஞ்சி டீ போட்டாள். எதில் கொடுப்பது? கொட்டாங்கச்சி தேடினாள், கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த, புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்தான் கைக்கு எட்டியது. கொடுத்துவிட்டாள். அவன் அதை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் பார்த்தான். டீ சுட்டது.

"சப்பியே குடி," என்றாள் ஃப்ளோரா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அவன் பாதி குடித்திருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"தாமஸு. கதவத் தொற. உள்ள இன்னா பிரசவமா நடக்குது?"

மேஸ்திரியின் குரல். தாமஸ் அம்மிக்குழவியைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தான். மேஸ்திரி சமையற்கட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார்.

"இவந்தான் ஆளா? யாரு இவன்?"

"எண்ணூருலேர்ந்து வந்துகீறான்," என்றாள் ஃப்ளோரா. தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "என் ஒண்ணுவுட்ட தம்பி. அருள்பிரகாசம்னு பேரு. தொண்டையக் காப்பாத்தணும்னு பேசக்கூடாதுன்னு சொல்லிக் கீறேன்."

மேஸ்திரி குனிந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். ஃப்ளோரா மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வார்த்தை மறந்து நின்றாள்.

ஒன்பது வருஷமாகத் தினமும் பார்க்கும் ஆளை மேஸ்திரிக்கு அடையாளம் தெரியவில்லை. அதில் அதிசயமும் இல்லை. தாமஸ் கப்பலில் வின்ச் ஓட்டுபவன். சரக்கைத் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்குவான். ஆனால் அவன் இருக்கும் இடத்திலிருந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. பள்ளத்தின் விளிம்பில் வேதமாணிக்கம் நின்று கையால் சைகை காட்டுவான். அந்தக் கை சொல்வதுதான் சட்டம். உள்ளே வேலைசெய்யும் இருபது உயிரும், மேஸ்திரியின் உயிர் உட்பட, அண்ணாந்து பார்ப்பது அந்தக் கையை. கைக்குப் பின்னால் இருந்த முகத்தை யார் பார்த்தார்கள்? வின்ச் இரைச்சலில் குரல் கேட்காது. வேலை முடிந்து இறங்கிய பிறகு மேஸ்திரி எதிரில் பேச அவனுக்கு வாய் கொடுத்தது யார்?

"கலரு ஜோரா கீது," என்றார் மேஸ்திரி. "ஞானத்துக்கு இப்பிடி ஒட்டல. கத்திக் கத்தி எனக்கும் தொண்ட போச்சு. இன்னாடா அது, இஞ்சி டீயா? இப்பிடிக் குடு."

வேதமாணிக்கத்தின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அவன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து மூன்று மடக்கு குடித்தார். கொஞ்சம் மீதி வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா கீதும்மா. ஏழு மணிக்கு வந்துடுங்க."

அவர் போனதும் தாமஸ் மறுபடி தாழிட்டான். பிறகு வேதமாணிக்கம் டம்ளரைப் பார்த்துச் சொன்னான்: "தாமஸு, மேஸ்திரிக்கு இப்ப நான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு ஏற்பாடு பண்ணணுமா?"

தாமஸ் சிரித்தான். ஃப்ளோராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்தலில் கூட்டம் நெரிந்தது. முன்வரிசை நாற்காலிகளில் ஆபீசர்கள். அவர்களுக்குப் பின்னால் பாயில் தெருக்காரர்கள். பந்தலுக்கு வெளியே மூங்கில் கட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம், மணலில், சேரிக்காரர்கள். வேதமாணிக்கம் வருஷா வருஷம் அங்கே நின்றுதான் நாடகம் பார்ப்பான். மேடைக்குப் பக்கவாட்டிலிருந்த தட்டி மறைவில் ஃப்ளோரா கரிக்கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேடை விளக்குச் சூட்டில் அவன் வியர்க்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துக்கு ஒரு வெளுத்த கோடு இறங்கியது. காட்சி முடிந்து திரை விழுந்ததும் ஓடிப்போய் அதை அடைத்தாள்.

"போதும். வயித்துவலின்னு சொல்லிட்டுப் போயிடலாம்," என்று கிசுகிசுத்தாள்.

"இன்னும் ஒரு சீன்தாம்மா. சாப்புடற சீன்."

திரை விலகியது. நீலப்புடவைக் கடலில் பலகைத் தெப்பம். தாமஸ் சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். 'உன் பசியும் என் பசியும் ஒன்றுதான், தோழா' என்று சொல்லிவிட்டு அவன் உட்கார வேண்டும். வசனம் வரவில்லை. ஐந்நூறு முகங்களைப் பார்த்தான்; ஆபீசர்களைப் பார்த்தான்; எதிர்ப்பக்கத் தட்டியோரம் நின்றிருந்த மேஸ்திரியைப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. கை நடுங்கியது. தட்டின் விளிம்பிலிருந்து சோறு கொட்டத் தொடங்கியது.

வேதமாணிக்கம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். தாமஸ் தடுமாறினால் அவன் என்ன செய்வானோ அதைச் செய்தான். வலது கையை உயர்த்தினான். உள்ளங்கை கீழே பார்க்க, நாலு விரலும் மெல்ல மடங்கி விரிந்தன. மெதுவா இறக்கு.

தாமஸின் கண் அந்தக் கையில் வந்து நின்றது. நடுக்கம் போயிற்று. ஒரு டன் பெட்டியை முட்டை மேல் வைப்பதுபோல, தட்டை அங்குலம் அங்குலமாக இறக்கிப் பலகையில் வைத்தான். வேதமாணிக்கம் கட்டைவிரலை ஒரு சுண்டு சுண்டினான். போதும் என்பதற்கு அவன் மட்டும் காட்டும் அடையாளம் அது.

பந்தலில் இருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் துறைமுகத்தில் வேலை செய்தவர்கள். ஒவ்வொருவராக அந்தக் கையைப் பார்த்து முன்னால் சாய்ந்தார்கள். பிறகு பாயிலிருந்து ஒரு குரல் வந்தது, கோபமாகக்கூட இல்லை, வியப்பாக:

"டேய், அது வேதம் கைடா."

ஃப்ளோராவின் மடியிலிருந்த கிண்ணம் உருண்டது.

ஆட்கள் எழுந்தார்கள். யாரோ பந்தல் மூங்கிலை உருவும் சத்தம் கேட்டது. சிலுவையம்மாளின் கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை; "நம்ம புள்ளைங்க துன்ற தட்டுலயா கைய வெக்கப் போறான்," என்று அவள்தான் முதலில் கத்தினாள். ஓட வேண்டிய தாமஸ் ஓடவில்லை. எதிரே உட்கார்ந்து, இப்போதுதான் நினைவு வந்தவன்போலச் சொன்னான்: "உன் பசியும் என் பசியும் ஒன்றுதான், தோழா." தட்டில் கைவைத்து ஒரு வாய் சாப்பிட்டான். வேதமாணிக்கமும் ஒரு வாய் எடுத்தான். மேஸ்திரி திரையை இழுத்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவன் கையிலும் மூங்கில்.

"மூஞ்சியக் கழுவுடா," என்றார் மேஸ்திரி. அவர் குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "கழுவு. எவன்னு பாத்துட்டு அடிக்கிறோம். தம்பின்னு பொய் சொல்லி யாருடா இவன இட்டாந்தது?"

தாமஸ் வாயைத் திறப்பதற்குள் ஃப்ளோரா நடுவில் வந்து நின்றாள். மணிக்கட்டு வரை கரியாயிருந்த இரண்டு கையையும் காட்டினாள்.

"நாந்தான். பூசுனதும் நாந்தான்."

"தள்ளிக்கோம்மா."

அவள் தள்ளிக்கொள்ளவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, மேஸ்திரிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"சாயங்காலம் எங்க வூட்ல டீ குடிச்சீங்களே மேஸ்திரி. யாரு கையிலேர்ந்து வாங்கிக் குடிச்சீங்க? இவங்களுக்குச் சொல்லட்டா, வேணாமா?"

மேஸ்திரியின் கை தானாக உதட்டுக்குப் போயிற்று. மூங்கிலோடு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். தீட்டுப்பட்டவனை அடிப்பதென்று ஆரம்பித்தால் எத்தனை பேரை அடிக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு அவர் கண்ணில் ஓடியது. பேரம் தெரிந்தவர், பேசாமலே படிந்தார்.

"ஆபீசருங்க கீறாங்க. இங்க கலாட்டா வேணாம்," என்று சத்தமாகச் சொன்னார். "அவன் போவட்டும். இவங்க கணக்க நாளைக்குப் பாத்துக்கலாம்."

வேதமாணிக்கம் கரி முகத்தோடு பந்தலின் நடுவழியாக நடந்து போனான். பக்கத்தில் ஃப்ளோரா. மூங்கில் தடுப்பு வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று பயந்தாள்.

"போயிட்டு வாங்க," என்றாள். கொஞ்சம் நின்று, சேர்த்துக்கொண்டாள்: "அண்ணே."

மறுநாள் பூசை முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். தாமஸ் வீட்டைத் தள்ளி வைத்தாயிற்று. குழாய் கிடையாது, பேச்சு கிடையாது. திருவிழாக் கொடி இறங்குவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாடகத்துக்குத் தாமஸ் வீட்டிலிருந்து போன சோற்றுத் தட்டைக் கடலில் போட வேண்டும் என்று சிலுவையம்மாள் வாசலில் வந்து நின்று சொன்னாள். ஃப்ளோரா கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தட்டிலேயே பழைய சோறு சாப்பிட்டாள்.

அதற்கடுத்த நாள் கப்பலில் மேஸ்திரி வேதமாணிக்கத்தைச் சைகை காட்டும் இடத்திலிருந்து எடுத்துக் கரையில் மூட்டை அடுக்கப் போட்டார். அந்த இடத்தில் தன் மச்சானை நிறுத்தினார். மச்சானுக்குக் கை இருந்தது, அவ்வளவுதான். பெரியமேட்டுத் தோல் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. நாலாவது தூக்கில் அவன் நிறுத்து என்றானா தூக்கு என்றானா என்று அவனுக்கே தெரியவில்லை. கட்டுகள் விளிம்பில் மோதின. கயிற்றில் ஒரு புரி அறுந்து, சுமை ஒருபக்கம் சாய்ந்து, கப்பல் வயிற்றுக்கு மேலே ஊஞ்சலாடியது. கீழே ஏணிக்கு எதிர்மூலையில் மேஸ்திரியும் இன்னும் மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள். சுவரோடு ஒட்டி நின்றார்கள். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் மூங்கில் பிடித்தவர்கள்.

மேலே தாமஸ் வின்ச்சை நிறுத்திவிட்டு நெம்புகோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு வேதம் கை தெரியணும்," என்றான். "வேற கையப் பாத்து நான் இறக்க மாட்டேன். அவங்க செத்துருவாங்க."

மச்சான் கீழே எட்டிப் பார்த்தான். கீழேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"வேதமாணிக்கத்தக் கூப்புடு. சீக்கிரம் கூப்புடுறா."

வேதமாணிக்கம் வந்து விளிம்பில் நின்றான். கீழே பார்த்தான். நாலு முகம் அண்ணாந்திருந்தன. சுமை கிரீச்சென்றது. அவன் கை உடனே உயரவில்லை. ஊசலாட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தான். தொழில் தெரிந்த யாரும் அப்படித்தான் காத்திருப்பார்கள். அது மேஸ்திரிக்கும் தெரியும். தெரிந்தும் அவர் வேட்டி நனைந்தது.

பிறகு கை உயர்ந்தது. உள்ளங்கை கீழே பார்த்தது. நாலு விரலும் மெல்ல மடங்கி விரிந்தன. கட்டுகள் அவர்களை உரசாமல், பூப்போல வந்து உட்கார்ந்தன. கட்டைவிரல் ஒரு சுண்டு.

அன்று மாலை ஃப்ளோரா குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனாள். மடியில் டம்ளர் இருந்தது. பெண்கள் விலகவில்லை. சிலுவையம்மாள் குழாயை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"மேஸ்திரி இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

மேஸ்திரி அப்போதுதான் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரே நாளில் பத்து வயசு கூடினவர்போல இருந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றார். ஃப்ளோரா சிலுவையம்மாளின் கைக்குக் கீழே டம்ளரை நீட்டி அதில் தண்ணீர் பிடித்தாள். அவரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"களைச்சு வந்துகீறீங்க. குடிங்க மேஸ்திரி."

அவர் டம்ளரைப் பார்த்தார். புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவளைப் பார்த்தார். ஒரு தடவை விற்ற சரக்கு, அந்த டீ ரகசியம், அவளிடம் முழுசாக மீதியிருந்ததைப் புரிந்துகொண்டார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தள்ளி வைத்த வீட்டு டம்ளரில் தண்ணீரை வாங்கி, நின்ற இடத்தில் குடித்தார்.

சிலுவையம்மாள் குழாயைவிட்டு மெதுவாக நகர்ந்தாள்.

ஃப்ளோரா குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, கையை நீட்டினாள்.

"டம்ளரக் குடுங்க மேஸ்திரி. அண்ணன் டீ குடிக்க வந்துகினு கீறாரு. அது அவரு டம்ளரு."